சிந்துவெளி ஓடுகள் கூறும் செய்தி

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மண்ணைப் பிசைந்து கலம் வனையும் மரபிற் பிறந்த நாம் கூடியுள்ள இவ்வவையில், மண்ணுள் மறைந்து கிடந்த ஒரு பெருநாகரிகத்தைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் புதைபொருளாராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டவன் அல்லேன். அறிஞர் எழுதியவற்றைப் பயின்றும், சூளையருகே அமர்ந்து என் பாட்டனாரிடம் கேட்டும் அறிந்தவற்றையே கூறப்புகுகின்றேன். குற்றம் உளதேல் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

இப்பேச்சுக்கு ஒரு காரணமும் உண்டு. நமது சங்கம் வெளியிடக் கருதியுள்ள குல வரலாற்று மலரின் கைப்பிரதியை அன்பர் பலர் படித்திருப்பீர்கள். அதன் முதற் பக்கத்திலேயே, ‘ஹரப்பாவையும் மொஹெஞ்சொதரோவையும் ஆக்கியோர் நம் குலத்தவரே’ என்றொரு வாக்கியம் உளது. இளைஞர் அதனைக் கண்டு மகிழ்ந்தனர். முதியோர் சிலரும் தலையசைத்தனர். அவ்வாக்கியத்தை அச்சேற்றுவதா விடுவதா என்பதை இன்று மாலை நாம் முடிவு செய்தல் வேண்டும். முடிவு செய்யுமுன், அந்நகரங்களின் எச்சங்கள் உண்மையில் எதனைக் கூறுகின்றன என்று கேட்டறிதல் நம் கடமையன்றோ?

நகரங்கள் வெளிப்பட்ட வரலாறு

பஞ்சாபில் இராவி யாற்றின் பழங்கரையில் ஹரப்பா என்றோர் ஊர் உளது. அதன் அருகே உயர்ந்த மண்மேடுகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் முல்தானுக்கும் லாகூருக்கும் இருப்புப்பாதை அமைத்தோர், அம்மேடுகளில் நன்கு சுட்ட செங்கற்கள் அளவின்றிக் கிடைத்தலைக் கண்டு, அவற்றைப் பெயர்த்தெடுத்துப் பாதைக்குச் சரளையாகப் பரப்பினர். ஏறத்தாழ 100 மைல் நீளத்திற்கு அக்கற்கள் உதவின என்று கன்னிங்காம் என்னும் ஆராய்ச்சியாளர் எழுதிவைத்துள்ளார். நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட செங்கல் புகைவண்டியின் பாரத்தையும் தாங்கிற்று எனின், அதனைச் சுட்டவன் நெருப்பின் இயல்பை நன்கறிந்தவன் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? ஆயினும், அக்கற்கள் பெயர்ந்தபோது ஒரு நகரத்தின் வரலாற்றிற் பெரும்பகுதியும் உடன் பெயர்ந்து ஒழிந்தது.

1921-ஆம் ஆண்டில் தயாராம் சாஹனி ஹரப்பாவிலும், 1922-இல் இராகல்தாஸ் பானர்ஜி சிந்து மாகாணத்து மொஹெஞ்சொதரோவிலும் அகழத் தொடங்கினர். பல நூறு மைல் இடைவெளியுள்ள அவ்விரண்டிடங்களிலும் ஒரே வகை முத்திரையும், ஒரே வகைச் செங்கல்லும், ஒரே வகை மட்கலமும் கிடைத்தன. இவை அதுகாறும் அறியப்படாத ஒரு நாகரிகத்தின் எச்சங்கள் என்பதை, அந்நாளில் தொல்பொருள் துறைத் தலைவராயிருந்த சர் ஜான் மார்ஷல் 1924 செப்டம்பர் 20-ஆம் நாள் இலண்டன் பத்திரிகை ஒன்றின் வாயிலாக உலகிற்கு அறிவித்தார். பின்னர் இராஜஸ்தானத்துக் காலிபங்கன், குஜராத்து லோதல், கட்சுப் பகுதித் தோலாவிரா, ஹரியானாவின் ராகிகடி எனப் பல ஊர்கள் வெளிப்பட்டன. இந்நகரங்கள் செழித்த காலம் ஏறத்தாழ கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை என்பது இன்று துணியப்பட்டுள்ளது.

செங்கல்லின் அளவு

முதலில் செங்கல்லைப் பாருங்கள். சிந்துவெளிச் செங்கல்லின் கனம் ஒரு பங்காயின் அகலம் இரண்டு பங்கு. நீளம் நான்கு பங்கு. வீட்டுக்குரிய கல் பெரும்பாலும் 7 சென்டிமீட்டர் கனமும், 14 சென்டிமீட்டர் அகலமும், 28 சென்டிமீட்டர் நீளமும் உடையது. மதிலுக்குரிய கல் பெரிதாயினும் அதிலும் இக்கணக்கே காணப்படும். இவ்வளவின் பயன் சுவர் எழுப்பியவர்க்குத் தெரியும். இரு கற்களின் அகலம் ஒரு கல்லின் நீளத்துக்கு ஒக்குமாதலின், ஒரு வரியை நீளவாட்டிலும் அடுத்த வரியைக் குறுக்குவாட்டிலும் அடுக்கலாம், இணைப்பின்மேல் இணைப்பு வாராது, சுவர் பிளவாது.

ஈரமண் உலருங்கால் சுருங்கும். சூளையில் வேகுங்கால் மேலும் சுருங்கும். எம்மண் எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணித்தே அச்சுச் செய்தல் வேண்டும். ஓரூர் மண் மற்றோரூர் மண்ணை ஒவ்வாது. அவ்வாறிருந்தும் நூற்றுக்கணக்கான மைல் பரந்த நாட்டில் இவ்விகிதம் பிறழாது நின்றது. அரசன் ஆணையால் நின்றதோ, தொழிலாளர் தம்முள் கொண்ட உடன்பாட்டால் நின்றதோ, கூறவல்லார் இலர். எவ்வாறாயினும், கைகள் பலவாயினும் அளவு ஒன்றே என்பது கண்கூடு.

சன்ஹுதரோ என்னும் ஊரை 1935–36-இல் மேக்கே அகழ்ந்தபோது ஒரு செங்கல் கிடைத்தது. அதன்மேல் ஒரு பூனையின் அடிச்சுவடும் ஒரு நாயின் அடிச்சுவடும் பதிந்திருந்தன. பச்சைக்கல்லை வெயிலில் பரப்பியிருந்த களத்தில் பூனை ஓட, நாய் அதனைத் துரத்தியிருத்தல் வேண்டும் என்பர். இதனைப் படித்தபோது என் உள்ளம் நெகிழ்ந்தது. காயவைத்த கல்லையும் கலத்தையும் நாயும் கோழியும் மிதிக்காமற் காக்கும் வேலை நம் வீட்டுக் குழந்தைகளுடையதன்றோ? அன்று அக்களத்தைக் காத்த பிள்ளையும் சிறிது நேரம் விளையாடப் போயிருந்தான் போலும்!

நீரும் தூய்மையும்

மொஹெஞ்சொதரோவில் ஏறத்தாழ 700 கிணறுகள் இருந்திருத்தல் கூடும் என்று ஜெர்மானிய அறிஞர் மைக்கேல் யான்சன் கணக்கிட்டுள்ளார். இக்கிணறுகளைக் கட்டுதற்கு ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் உள்ள ஆப்பு வடிவச் செங்கற்களைத் தனியே சுட்டனர். வட்டமாக அடுக்குங்கால் ஒவ்வொரு கல்லும் தன் அயற்கல்லை நெருக்கி நிற்கும். சுற்றிலும் உள்ள மண் எவ்வளவு அழுத்தினும் கிணறு இடியாது. காலப்போக்கில் தெருவின் தரை உயர உயர, கிணற்றின் வாயையும் உயர்த்திக் கட்டிவந்தனர். இன்று சுற்றியிருந்த மண்ணை அகற்றியபின் அக்கிணறுகள் கோபுரங்கள் போல் நிமிர்ந்து நிற்றலைப் படங்களிற் காணலாம்.

வீட்டில் நீராடும் அறைக்குச் செங்கல் தளம் பாவி, நீர் ஒருபுறம் வடியுமாறு சரிவு அமைத்தனர். அந்நீர் சுட்ட மண்குழாய் வழியாகத் தெருவை அடைந்து, ஆங்குச் செங்கல்லாற் கட்டி மூடப்பெற்ற கால்வாயிற் சென்றது. தெருக்கால்வாய் இல்லாத இடங்களில் கழிநீர் ஏற்கும் பெருஞ்சாடிகளைப் புதைத்தனர். மூடுகல்லை எடுத்துக் கால்வாயைத் தூய்மை செய்தற்கும் வழி வைத்திருந்தனர். புகழ்பெற்ற பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. நெருக்கமாகப் பொருத்திய செங்கல்லுக்கு ஜிப்சச் சாந்து இட்டு, நீர் கசியாமைப் பொருட்டு நிலக்கீலும் பூசியிருந்தனர்.

குளத்தைக் கண்டோர் வியக்கின்றனர். எனக்கோ குளத்தினும் கால்வாயே பெரிதாகத் தோன்றுகின்றது. குளம் ஒன்று, கால்வாயோ வீடுதோறும் உரியது. வீடுகளிற் பெரியனவும் சிறியனவும் உண்டு; ஆதலின் அந்நகரில் செல்வர் வறியர் என்னும் வேறுபாடு இருந்ததில்லை என்றல் பொருந்தாது. ஆயினும் சிறு வீடுகள் பலவற்றிலும் சுட்ட செங்கல்லும் நீராடும் இடமும் கழிநீர் வழியும் காணப்படுதல் எண்ணத்தக்கது. எகிப்து நாட்டில் மன்னர்க்குக் கல்லறை மலைபோல் எழுந்த அதே காலத்தில், இங்கு மக்களுக்குக் கழிநீர்க் கால்வாய் எழுந்தது. அக்கால்வாயைக் கட்டியவனும், அதனை நாடோறும் தூய்மை செய்தவனும் யாவர் என்பது எங்கும் பொறிக்கப்படவில்லை. அவ்விருவருள் ஒருவன் இலனாயினும் நகரம் நகரமாக நின்றிராது.

மட்கலம்

இனி நம் தொழிலுக்கே உரிய பொருளுக்கு வருவோம். பொன் உருக்கப்படும், மரம் மட்கும், துணி மடியும். சுட்ட மண் ஒன்றே உடைந்தும் அழியாதது. ஆதலின் அகழ்வோர் கூடையிற் பெரும்பகுதியை நிரப்புவது ஓடேயாகும். அந்நகரத்துக் குயவர் சக்கரத்தில் வனைந்தமைக்குக் கலங்களின் உட்புறத்து வரைகளே சான்று. செங்காவி பூசி, அதன்மேல் கருநிறத்தால் அரசிலையும், மயிலும், மீன்செதிளும், ஒன்றையொன்று ஊடறுக்கும் வட்டங்களும் தீட்டினர். பொருள் சேர்க்கும் பெருந்தாழி, கால் உயர்ந்த தட்டு, உடல் முழுதும் துளையிட்ட சாடி, குழந்தைகட்கு மண்வண்டி, பறவை வடிவ ஊதுகுழல் என அவர் செய்யாத பொருள் இல்லை. அடி கூர்மையான சிறு குவளைகள் மொஹெஞ்சொதரோவின் பிற்காலப் படைகளில் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. ஒருமுறை அருந்தியபின் எறிந்துவிடுதற்குச் செய்தவை என்று முன்னாள் ஆராய்ச்சியாளர் கருதினர். வடநாட்டில் இன்றும் தேநீர்க்கு வழங்கும் மண்குவளையை அறிந்தவர்க்கு இஃது வியப்பன்று.

அவர்தம் திறத்தின் எல்லையை ஒரு சிறு வளையலில் காணலாம். மிக நுண்ணியதாக அரித்தெடுத்த களிமண்ணால் வளையல் செய்து, அதனைக் கலத்துள் வைத்து, கலத்தை மண்பூசி மூடி, மூடிய வாயில் முத்திரையும் இட்டுச் சூளையில் வைத்தனர். காற்றுப் புகாத அக்கலத்துள் பெருவெப்பத்தில் வெந்த வளையல் கருஞ்சாம்பல் நிறமுற்றுக் கல்போல் இறுகிற்று. அதன்மேல் கண்ணுக்கு எளிதிற் புலனாகாத சிற்றெழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தது. இவை மொஹெஞ்சொதரோ, ஹரப்பா ஆகிய பெருநகர்களிலேயே செய்யப்பட்டன. சூளையில் இடும் கலத்துக்கே முத்திரை வைத்தனர் எனின், அத்தொழிலை எத்துணை மதிப்பாகக் காத்தனர் என்பது விளங்கும்.

ஓடு உணவையும் உரைக்கும். ஹரியானாவில் ஃபர்மானா என்னும் சிந்துவெளி ஊரிற் கிடைத்த சமையற் கலத்தில் மஞ்சளும் இஞ்சியும் இருந்தமைக்கு நுண்ணிய எச்சங்களை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நாலாயிரம் ஆண்டு மண்ணுட் கிடந்தும் அக்கலம், தன்னைக் கழுவிய பெண்ணின் அடுக்களை மணத்தை விடாது பற்றிநின்றது.

நமக்கு இனிதல்லாத செய்தி ஒன்றையும் மறைத்தல் ஆகாது. மொஹெஞ்சொதரோவின் கடைசிக் காலத்துப் படைகளில், வீடுகளின் இடையேயும் ஒரு தெருவின் நடுவேயும் குயவர் சூளைகள் காணப்பட்டன. நகரம் செழித்திருந்த காலத்தில் இதற்கு ஊரார் இசைந்திரார். நகர ஒழுங்கு தளர்ந்தபின்னரே இது நிகழ்ந்தது என்பது அகழ்ந்தோர் கருத்து. சூளைப்புகை பற்றி அயலார் இன்று முறையிடுங்கால் சினங்கொள்ளும் நாம், இவ்வழக்கு மிகப் பழையது என்பதை உணர்தல் நன்று. ஊரார் மூச்சும் நம் பிழைப்பும் இரண்டும் வாழும் வகையில் சூளைக்கு இடம் தேடுதலே தக்க வழி.

எடைக்கல்லும் முத்திரையும்

சிந்துவெளி வணிகர் கையாண்ட எடைக்கற்கள் பெரும்பாலும் சதுரக் கட்டைகளாக இழைக்கப்பட்டவை. அவை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு என இரட்டித்துச் செல்லும். பதினாறு பங்குடைய கல் ஏறத்தாழ 13.7 கிராம் எடையுடையது. சிற்றூரிலும் பேரூரிலும் எடை ஒன்றே. கல்லின்மேல் எழுத்தில்லை, எண்ணில்லை. எழுத்தறியாதவனும் கையில் எடுத்து ஒப்பிட்டு அறியலாம்.

இவ்வாணிகம் கடல் கடந்தும் சென்றது. மெசொப்பொட்டேமியாவின் ஊர் என்னும் நகரத்து அரச கல்லறைகளில் சிந்துவெளிச் செம்மணிகள் கிடைத்தன. மெலுக்ஹா நாட்டுக் கலங்கள் தன் துறையில் வந்து நின்றன என்று அக்கேடிய மன்னன் சார்கோன் பொறித்துள்ளான். மெலுக்ஹா என்றது சிந்துவெளியையே என்பது அறிஞர் பலரின் கொள்கை. ஓமான் கரையில் சிந்துவெளிப் பெருஞ்சாடிகளின் ஓடுகள் கிடைத்துள்ளன. பொருள் ஏற்றிச் சென்ற வணிகன் பெயர் மறைந்தது. பொருளைத் தாங்கிய சாடி எஞ்சியது.

எழுத்துப் பொறித்த முத்திரை முதலியன நாலாயிரத்துக்கு மேல் கிடைத்துள்ளன. குறிகள் ஏறத்தாழ நானூறு. ஒரு முத்திரையில் உள்ளவை பெரும்பாலும் ஐந்து குறிகளே. அவற்றைத் தொகுத்து ஐராவதம் மகாதேவன் 1977-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அம்மொழி திராவிடக் குடும்பத்தது ஆகலாம் என்று அவரும் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலாவும் கருதினர். தமிழ்நாட்டு மட்கலக் கீறல்களுக்கும் சிந்துவெளிக் குறிகளுக்கும் உள்ள வடிவ ஒப்புமையைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ஆராய்ந்து வெளியிட்டது. அவ்வெழுத்தைப் படித்துக் காட்டுவோர்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசும் 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசால் அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் நம் ஆர்வத்தைத் தூண்டுதற்குரியனவே. ஆயினும் வடிவம் ஒத்தல் வேறு, வாசித்தல் வேறு. எல்லோரும் ஏற்கும் வாசிப்பு இன்னும் பிறக்கவில்லை.

ஆக்கியோர் யாவர்?

இனி, நம் மலரின் வாக்கியத்துக்கு வருவோம். எழுத்துப் படிக்கப்படாதவரை அந்நகரத்தார் தம்மை எப்பெயரால் அழைத்தனர் என்பது தெரியாது. அவர்தம் குயவர்க்கு என்ன பெயர் என்பதும் தெரியாது. அங்குச் சாதி என ஒன்று இருந்ததா என்பதற்கே சான்றில்லை. இருந்ததா என்று அறியாத ஒன்றன் பெயரால் அந்நகரத்தை நமதென்றல் எங்ஙனம்? இன்று நாம் எழுதினால், நாளை மணி துளைப்போர் சங்கம் எழுதும். மறுநாள் வணிகர் சங்கமும், உழவர் சங்கமும், தச்சர் சங்கமும் எழுதும். ஒரு நகரத்துக்கு நூறு பட்டயம் தோன்றின் எதனையும் யாரும் நம்பார்.

மற்றொரு செய்தியும் உளது. ராகிகடியில் மட்கலங்களோடு அடக்கம் செய்யப்பெற்ற ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த முடிவு 2019-இல் வெளியாயிற்று. அத்தகைய மக்களின் வழி வந்த பங்கு இன்றைத் தெற்காசிய மக்களின் மரபில் மிகப் பெரும் பகுதியாக உளது என்று அவ்வறிஞர் கண்டனர். அஃதாவது, அவள் ஒரு குலத்துக்குப் பாட்டி அல்லள். வெவ்வேறு சாதியராகப் பிரிந்து நிற்கும் எண்ணிறந்த மக்களுக்குப் பொதுவான முன்னோரினத்தவள். அவளை நமக்கு மட்டும் உரியவள் என்று வேலியிடுதல் உண்மைக்கும் மாறு, உறவுக்கும் மாறு.

‘அவ்வாறாயின் நமக்குப் பெருமையே இல்லையோ?’ என்று இளைஞர் கேட்பீர்கள். உண்டு. அஃது இரத்தத்தைப் பற்றிய பெருமை அன்று, தொழிலைப் பற்றிய பெருமை. நம் நாட்டளவில் உறுதியாகச் சொல்லத்தக்க சான்று வேண்டின், புறநானூற்றை எடுங்கள். கிள்ளிவளவன் துஞ்சியபோது ஐயூர் முடவனார் தாழி வனையும் வேட்கோவனை விளித்தே தம் துயரத்தைப் பாடினார். வேந்தனுக்கு இறுதி இல்லம் அமைப்பவன் குயவன் என்பதை அப்புலவர் உணர்ந்திருந்தார். இச்சான்று நம் கையில் இருக்க, இல்லாத சான்றைத் தேடி அலைவானேன்?

அந்நகரங்கள் கி.மு. 1900-ஐ ஒட்டித் தளர்ந்தன. படையெடுத்து வந்தோர் மக்களைக் கொன்று குவித்தனர் என்று ஒருகாலத்தில் எழுதினர். 1964-இல் டேல்ஸ் என்பார் அக்கொள்கைக்குப் போதிய சான்றில்லை என்று காட்டினார். பருவமழை குன்றியதும், ஆறுகள் வற்றியும் வழிமாறியும் போனதுமே முதன்மையான காரணங்கள் என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. மக்கள் கிழக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் பெயர்ந்தனர். எடைக்கல் மறைந்தது, முத்திரை மறைந்தது, எழுத்து மறைந்தது. ஆயின் குயவனின் சக்கரம் நிற்கவில்லை. நகரம் கெட்டாலும் சோறு சமைக்கக் கலம் வேண்டுமன்றோ?

வேண்டுகோள்

ஆதலின் யான் இவ்வவையின்முன் வைப்பன இரண்டு. முதலாவது, அவ்வாக்கியத்தை நீக்கி, ‘சிந்துவெளி நாகரிகத்தை இன்று நாம் அறிதற்குப் பெருந்துணையாய் நிற்பது, பெயர் தெரியாத தொழிலாளர் சுட்ட செங்கல்லும் மட்கலமும் ஆகும், அத்தொழிலை நாமும் செய்கின்றோம்’ என்று எழுதுவோம். இதனை எவரும் மறுக்கவொண்ணாது. நம் பிள்ளைகளும் எவ்வவையிலும் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

இரண்டாவது, மலருக்கெனத் திரட்டிய பொருளில் ஒரு பகுதியை நம் இளைஞர் தொல்லியல் பயில உதவித்தொகையாக்குவோம். சிந்துவெளி மணிகளைத் துளைத்த முறையை அறிதற்குக் கெனோயர் என்னும் அமெரிக்க அறிஞர் குஜராத்தின் கம்பாத்து நகரில் இன்றும் மணி செய்யும் தொழிலாளரிடம் வந்து கற்றார். ஓட்டின் மொழியையும் வனைபவனே நன்கறிவான். எக்குளத்து மண்ணை எதனோடு கலத்தல் வேண்டும், பச்சைக்கலம் எத்தனை நாள் உலர்தல் வேண்டும், தீ எந்நிறம் எய்தும்போது விறகை நிறுத்தல் வேண்டும் என்பவற்றை நம் முதியோர் வாய்மொழியாகவே வைத்துள்ளனர். என் பாட்டனார் மறைந்தபோது அவர் அறிந்தவற்றிற் பாதி அவருடனே சென்றது. அதனை எழுதிவைக்க அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை. அக்குறை இனி எவர் வீட்டிலும் நேராதிருக்கட்டும். ஒவ்வோர் ஊர்க் கிளையும் தன் முதியோரிடம் கேட்டு எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்புமாறு வேண்டுகின்றேன்.

ஹரப்பாவின் செங்கல்லைச் சரளையாக்கியவர் அதன் அருமை அறியாதவர். அறிந்த நாம், நம் கையில் எஞ்சியுள்ளதைச் சரளையாக விடலாகாது.